படத்தில் தெரிந்த புகை

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் செங்கல்வராயனுக்கும் தாயாரம்மாளுக்கும் பிறந்தது நாலு பிள்ளை. தங்கினது இரண்டு. மூத்தவள் துர்காதேவி, கடைசி ஹேமநாத். நடுவில் போன இரண்டில் ஒரு பையன் ஆறு வயதில் ஒரு பக்கக் கையும் காலும் விளங்காமல் மூன்று நாள் கிடந்து செத்தான். காற்று அடித்துவிட்டது என்று சொல்லிப் புதைத்தார்கள். செங்கல்வராயனின் பெரியப்பா மகள் ஒருத்தியும் அப்படித்தான் போனாள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

துர்காவுக்கு ஏழு வயதிலேயே ஆரம்பித்தது. அடுப்பை ஊதச் சொன்னால் நாலு ஊது ஊதுவாள், ஐந்தாவதில் ஊதுகுழல் கையை விட்டு நழுவும். வலது கை ஈரத்துணி மாதிரித் தொங்கும். கொஞ்ச நேரம் போனால் தானாகச் சரியாகிவிடும். வேலைக்கு வளையாத கழுதை என்று தாயாரம்மாள் முதுகில் ஒன்று வைப்பாள். அடி வாங்கித் தேம்பி அழுதால் நாக்குக் குழறும், வாய் ஒரு பக்கம் கோணும். நடிக்கிறாள் என்று இன்னொன்று விழும். அழுதால் வாய் கோணுகிறது என்று தெரிந்துகொண்ட பெண், அழாமலே இருக்கப் பழகிக்கொண்டாள். செங்கல்வராயன் செத்த அன்றைக்கும் பாடை பக்கத்தில் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெற்ற அப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்று குப்பத்தில் வருஷக்கணக்காகச் சொன்னார்கள். அவளும் எதிர்த்து ஒன்றும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருந்தது, அவளுக்கே தெரியாதபோது?

அவளைக் கட்டினவன் கோபால். எளாவூர் செக்போஸ்ட்டுக்குத் தெற்கே கல்கத்தா ரோட்டோரம் பஞ்சர் கடை போட்டிருந்தான். தங்கமான மனுஷன். ஆனால் அண்ணன் குப்புராஜ் முகத்தைப் பார்க்காமல் ஒரு முடிவு எடுக்கத் தெரியாதவன். வீடு கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பின்சுவரை ஒட்டி. துர்காவுக்குக் குழந்தை தங்கவில்லை. குப்புராஜின் பெண்சாதி இரண்டாம் பிரசவத்தில் போனபோது எட்டு நாள் குழந்தையைத் துர்காதான் மடியில் வாங்கினாள். பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டே அந்தப் பெண்ணுக்கு அதுவே பெயராகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பதிவில் வேறு பெயர் இருந்ததை அவளே மறந்துபோவாள்.

பாப்பாவுக்கு மூன்று வயதிலிருந்து மூச்சு இழுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. அதன் புகைபோக்கி கக்கினால் கொடியில் காயும் வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் பழுப்பாகும். சோற்றுத் தட்டை மூடிக்கொண்டு சாப்பிட வேண்டும். குப்புராஜ் வார்டு மெம்பர். அஞ்சு வருஷமாக அந்தப் புகைக்கு எதிராக மனு எழுதினான். தன் சொந்த மகள் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்து எழுதினான், அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு காகிதம் திரும்பி வரும். மண் மாதிரி சேகரிக்கப்பட்டது, நீர் மாதிரி சேகரிக்கப்பட்டது, மருத்துவ ஆதாரம் எதுவும் இணைக்கப்படவில்லை. இழுப்புக்கு ஆதாரம் கேட்டால் டாக்டர்கள், தூசியாலும் வரலாம், குளிராலும் வரலாம் என்று எழுதினார்கள். ஒரே ஒரு டாக்டர் புகை என்று எழுதிவிட்டால் போதும் என்பது குப்புராஜுக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது.

2006, தை மாதக் கடைசி. துர்கா எறா மீன் ஓடு உரிக்கிற ஷெட்டில் ஐஸ் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அந்த ஷெட்டில் அவள் கைதான் வேகம். பின்மண்டையில் யாரோ ஓங்கி அடித்தது போல் இருந்தது. யார் என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. பக்கத்தில் நின்றவளிடம், "யாரு என்னை அடிச்சது?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே வாந்தி எடுத்து மேஜை மேல் சாய்ந்தாள்.

கும்மிடிப்பூண்டியில் பார்த்துவிட்டு, இது எங்கள் கையில் இல்லை என்று சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துளசிராமன் என்கிற டாக்டர். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரர், பேச்சில் கொஞ்சம் தெலுங்கு வாசம் அடிக்கும். தலையைப் படம் எடுத்தார். தொடை நரம்பு வழியாக மருந்து ஏற்றி இன்னொரு படமும் எடுத்தார். அப்புறம் கோபாலைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவனுக்குப் புரிகிற வழியில் சொன்னார்.

தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் முன்பக்கக் குழாய்கள் இரண்டும் சின்ன வயதிலிருந்தே சுருங்கிச் சுருங்கி அடைத்துப் போயிருக்கின்றன. மெயின் ரோட்டை மூடினால் லாரியெல்லாம் ஊருக்குள் சந்து சந்தாக நுழைகிற மாதிரி, ரத்தம் நூல் நூலான குட்டிக் குழாய்களில் நுழைந்து போய்க்கொண்டிருக்கிறது. பின்பக்கக் குழாய் எல்லாப் பாரத்தையும் தானே இழுத்து, ஓரிடத்தில் புடைத்து, அந்தப் புடைப்பு கிழிந்துவிட்டது.

"பொடச்ச ட்யூபுக்கு ஒட்டு நிக்காது சார்" என்றான் கோபால்.

நிற்காதுதான் என்றார் டாக்டர். மண்டையைத் திறந்து வெளியிலிருந்து கிளிப் போடுவது வழக்கம். இவளுக்கு அதைச் செய்ய எங்களுக்குப் பயம். மண்டைத் தோலில் ஓடும் நரம்புகளே எலும்பைத் தாண்டி உள்ளே போய் மூளைக்கு ரத்தம் ஊட்டிக்கொண்டிருக்கின்றன. திறக்கிற கத்தி அதை அறுத்தால், ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்று சாகும். அதனால் தொடை வழியாகவே மெல்லிய குழாயை மேலே ஏற்றி, தலைமயிர் போன்ற கம்பியைச் சுருள் சுருளாக அந்தப் புடைப்புக்குள் இறக்கி அடைக்கப் போகிறோம். நடுவில் ரத்த அழுத்தம் ஏறினால் மறுபடி கிழியும், இறங்கினால் நூல் குழாய்களுக்கு ரத்தம் எட்டாது. கயிற்று மேல் நடக்கிற வேலை.

அந்த வேலை நன்றாகவே நடந்தது. பத்தாம் நாள் துர்கா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். கையும் காலும் பேச்சும் அவளுடையதாகவே இருந்தன.

வீட்டுக்கு அனுப்பும் முன் துளசிராமன் அவள் கட்டிலருகே வந்து நின்றார். புடைப்பை அடைத்தாயிற்று, ரோடு இன்னும் மூடித்தான் கிடக்கிறது, அதனால் இரண்டாவது ஆபரேசன் ஒன்று வேண்டும் என்றார். காதுக்கு முன்னால் விரல் வைத்தால் துடிக்கிறதே, அந்த நரம்பைப் பிரித்து, மண்டையில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டு, உள்ளே கொண்டுபோய் மூளை நரம்போடு தைப்பது. பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை தேதி கொடுத்தார். அதுவரை அடுப்பு ஊதக் கூடாது, தேம்பி அழக் கூடாது, தண்ணீர் குடிக்காமல் காயக் கூடாது. மூச்சு இரைத்தால் அந்தக் குழாய்கள் இன்னும் சுருங்கும்.

துர்கா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "சின்னதுல அடுப்பு ஊதுனா என் கை உழுந்துடும் சார். எங்கம்மா அடிக்கும். அது இதானா?"

"அதேதாம்மா."

பக்கத்தில் இருந்த தாயாரம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போனாள். முப்பது வருஷத்து அடிக்கு ஒரு பெயர் இருக்கிறதா என்று துர்கா கேட்டாள். டாக்டர் சொன்னார்: "மொயமொயா. ஜப்பான்காரங்க வெச்ச பேரு. அந்த நூல் குழாய்ங்கள்லாம் படத்துல பாத்தா புகை ஊதி உட்ட மாதிரி தெரியும். புகைன்னுதான் அர்த்தம். புது ரத்தம் உள்ள போனா அந்தப் புகையும் தன்னால கொறஞ்சுடும்."

சாப்பாட்டுத் தூக்கோடு காலடியில் நின்றிருந்தான் குப்புராஜ். "புகையா சார்?" என்று கேட்டான். புகை மாதிரி என்றார் டாக்டர். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்தப் படம் குப்புராஜ் கைக்குப் போய்விட்டது. பழுப்பு உறையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைந்தான். டீக்கடை வாசலில் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடிப்பான். பார்த்தவர்கள் அத்தனை பேரும் புகையைப் பார்த்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, பார்த்தால் அப்படித்தான் இருந்தது. கறுப்பு மண்டையின் அடியிலிருந்து புசுபுசுவென்று மேலே கிளம்புகிற புகை. அந்தப் புகைபோக்கியை உரித்து வைத்த மாதிரி இருக்கிறது என்று கடைக்காரன் கலியன் டீ ஆற்றிக்கொண்டே சொன்னான். ஊர் முழுக்க அந்தப் பேச்சுதான். துர்கா தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் அவள் தலையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் குப்புராஜ் அந்தப் படத்தைக் காட்டினான். அஞ்சு வருஷத்தில் முதல் தடவையாக ஓர் அதிகாரி அவன் மனுவை இரண்டு முறை படித்தார். புகையைப் பார்வையிட ஆள் அனுப்புவதாகவும், நோயாளியையும் படத்தையும் தயாராக வைத்திருக்கும்படியும் சொன்னார். அவர் சொன்ன நாள் பங்குனி ஆபரேசனுக்கு எட்டு நாள் கழித்து வந்தது.

குப்புராஜ் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஆபரேசனைத் தள்ளிப் போட வேண்டும் என்றான். கோபால் தலையைச் சொறிந்தான். துர்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"மாமா, அந்தப் புகை வேற, இது வேற. இது சும்மா பேரு."

"சும்மாவா பேரு வெப்பான் ஜப்பான்காரன்? அவன் ஊர்ல கம்பெனி இல்லியா? பாத்துட்டுத்தானே வெச்சிருப்பான்."

"எங்க நைனா ஊட்டு வம்சத்துலயே இது கீது மாமா. எந்தம்பி ஒருத்தன் அப்டித்தான் செத்தான். அங்க ஏது கம்பெனி?"

"ஏம்மா, நான் ஆபரேசனே வேணாங்கல. பண்ணிட்டா புகை கலைஞ்சிடும்னு டாக்டரே சொன்னாரு. நீயும்தானே கேட்டுக்கினு இருந்த? கலைஞ்சப்பால வந்து பாக்கறவனுக்கு எதைக் காட்டறது?"

உள்ளே பாயில் பாப்பா சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். விசில் மாதிரிச் சத்தம் வந்தது. குப்புராஜ் அந்தப் பக்கம் கையைக் காட்டினான்.

"நீ வளத்த பொண்ணு. அவ மூச்சுக்காக ரெண்டு வாரம் உன்னால பொறுக்க முடியாதா?"

துர்கா கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. பாப்பா கேட்டுக்கொண்டிருந்தாள், அதனால் சொல்லவில்லை.

ஆனாலும் தேதிக்கு இரண்டு நாள் முன்பு எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குப்புராஜ் இன்னொரு வழி யோசித்திருந்தான்.

"புகையாலதான் வந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க சார். நாளைக்கே ஆபரேசன் பண்ணிக்குங்க. நாங்க ஏன் தள்ளிப் போடப் போறோம்?"

துளசிராமன் கண்ணாடியைக் கழற்றினார். இல்லாததை எழுத மாட்டேன் என்றார்.

"நீங்கதானே உங்க வாயால புகைன்னு சொன்னீங்க?"

"மாதிரின்னு சொன்னேன்."

குப்புராஜ் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது. "அஞ்சு வருசமா இந்த ஒரு வார்த்தையைத்தான் சார் எங்களுக்குக் குடுக்கறீங்க. மண்ணை அள்ளிக்கினு போனாலும் மாதிரி, தண்ணியை மொண்டுக்கினு போனாலும் மாதிரி. இப்போ எங்க ஊட்டுப் பொம்பள மண்டைக்குள்ளயும் மாதிரியா?"

டாக்டருக்கு அவன் பேசுவது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. குப்புராஜுக்கு டாக்டர் சொல்வது காதில் ஏறவில்லை. கம்பெனிக்காரன் உங்களையும் வந்து பார்த்துவிட்டானா என்று கேட்டுவிட்டான். துளசிராமன் அவனை விட்டுவிட்டுத் துர்கா பக்கம் திரும்பினார். அவளை அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்.

"நீ சொல்லும்மா. உனக்குப் பண்ணிக்கணுமா, வேணாமா?"

"பண்ணிக்கணும் சார்" என்றாள். உடனே சொன்னாள். சொல்லிவிட்டுக் கோபாலைப் பார்த்தாள்.

கோபால் தரையைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். கடைசியில், ரெண்டு வாரம் கழித்து வந்துவிடுகிறோம் சார் என்றான். தள்ளிப்போட்டால் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினார். நாங்கள் அறிந்தே போகிறோம் என்று அதில் கையெழுத்து வேண்டும். ஆபரேசனுக்குச் சம்மதம் என்று போட வேண்டிய கையெழுத்தை அவன் அதில் போட்டான். துர்கா அந்தக் கை எழுதி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். தேம்பக் கூடாது என்பது நினைவிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டாள்.

பார்வையிட வந்த அன்றைக்குப் புகைபோக்கி குளித்துவிட்டு நிற்கிற மாதிரிச் சுத்தமாக நின்றது. வானம் பளிச்சென்று இருந்தது. கம்பெனிக்கு முன்கூட்டியே யார் சொன்னார்களோ. வந்தவர் கம்பெனி வாயிலில் ஒரு மணி நேரம் இருந்தார், குப்புராஜ் நீட்டிய படத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், இது எனக்குத் தெரிந்த விஷயம் இல்லையே என்று திருப்பிக் கொடுத்தார். மண் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போனார். அவர் ஜீப் கல்கத்தா ரோடு ஏறின அரைமணி நேரத்தில் புகை கிளம்பியது.

ஆபரேசனுக்குத் தவறவிட்ட இடம் உடனே கிடைக்கவில்லை. வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் தலை சம்பந்தப்பட்டவர்கள்தானே. வைகாசியில் ஒரு தேதி சொன்னார்கள்.

அதற்குள் சித்திரை வந்தது. கத்திரி வெயில். இரண்டு நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை. குடத்தில் மிச்சம் இருந்ததைத் துர்கா பாப்பாவுக்கு என்று எடுத்து வைத்தாள். தான் காலையில் அரைத் தம்ளர் குடித்ததோடு சரி. மத்தியானம் பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு கீழே விழுந்தது. கை தொங்கியது.

அவள் பயப்படவில்லை. ஏழு வயதிலிருந்து பார்த்த கை. கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று இடது கையால் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து காத்திருந்தாள். பாப்பாவைப் பயமுறுத்த வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். வெயில் வாசற்படியிலிருந்து இறங்கித் தெருவுக்குப் போனது. கை வரவில்லை. சின்னம்மா, தண்ணி வேணுமா என்று பாப்பா உலுக்கினாள். வேணும் என்று சொல்லத்தான் துர்கா வாயைத் திறந்தாள்.

"இல்ல" என்று வந்தது.

அதற்கப்புறம் அவள் வாயில் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். மற்ற சொற்களெல்லாம் உள்ளே இருந்தன. யார் என்ன பேசினாலும் புரிந்தது. சொல்லப் போனால் நாக்கு அந்த ஒன்றையே எடுத்து வைத்தது. சோறு வேணுமா, இல்ல. வலிக்கிறதா, இல்ல. உன் பேர் என்ன, இல்ல. மூளையில் பேச்சுக்கும் வலது கைக்கும் உரிய இடம் ரத்தம் எட்டாமல் பட்டுப்போய்விட்டது என்றார் துளசிராமன். யாரையும் அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பழைய காகிதத்தையும் எடுத்துக் காட்டவில்லை. மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றுவோம் என்று ஆவணியில் காது நரம்பை எடுத்துத் தைத்தார். தையல் பிடித்துக்கொண்டது. அடுத்து எடுத்த படத்தில் புகை பாதிதான் இருந்தது. அதைக் காட்டி அவர் சந்தோஷப்படப் பார்த்தார். பார்க்க வந்தவர்களில் எவருக்கும் அந்தச் சந்தோஷத்தை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

குப்புராஜ் மனசு உடைந்துதான் போனான். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பழைய படம் அவனிடம் பத்திரமாக இருந்தது. ஐப்பசியில் மறுபடி மனு எழுதினான். இந்த முறை படம் மட்டும் போதாது, ஆளையே காட்டினால் எவனும் மறுக்க முடியாது என்றான். தாயாரம்மாள் குறுக்கே நின்று பார்த்தாள். இத்தனையும் நடந்தது அந்தப் புகைக்காகத்தான் என்றால், அது வீணாகப் போகட்டுமா என்று கேட்டான். கிழவி வழியை விட்டு விலகினாள்.

திருவள்ளூரில் துர்காவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தொங்கும் கை எல்லோருக்கும் தெரியும்படி குப்புராஜ் அவள் முந்தானையைச் சரி செய்தான். மனு வாங்கின அதிகாரி இளவயதுக்காரர். நல்ல மாதிரி. மேஜையை விட்டு எழுந்து வந்து, அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"அந்தக் கம்பெனிப் புகையாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சாம்மா?"

துர்கா அவர் முகத்தைப் பார்த்தாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக, கேட்ட கேள்விக்கு அவளிடம் இருந்த சொல்லே சரியான பதிலாக அமைந்தது. தெளிவாகச் சொன்னாள்.

"இல்ல."

அதிகாரி நிமிர்ந்தார். குப்புராஜ் கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தான். "அவ எல்லாத்துக்கும் அதையேதான் சொல்லுவா சார். மூளை கலங்கிப் போச்சு. நீங்க வேற எதுனா கேட்டுப் பாருங்க."

அவர் பெயர் கேட்டார். இல்ல. இவர் உங்கள் வீட்டுக்காரரா என்று கோபாலைக் காட்டிக் கேட்டார். இல்ல. வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். அதிகாரி வருத்தத்தோடு தலையாட்டி, பாதிக்கப்பட்டவர் பேச இயலாதவர் என்று மனுவின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். துர்கா இடது கையால் நாற்காலியைத் தட்டினாள், இரண்டு மூன்று தரம் தட்டினாள், இல்ல இல்ல என்றாள். அவளுக்குக் கஷ்டமாக இருக்கிறது, வெளியே கூட்டிப் போங்கள் என்றார் அவர்.

குப்புராஜ் ரசீது வாங்கப் பின்தங்கினான். கோபாலும் அவளும் பஸ் ஏறி, ஊத்துக்கோட்டையில் மாறி உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் அவளை உட்கார வைத்துவிட்டு, கோபால் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் வாயில் வைத்தான். குடித்தாள். வாயோரம் ஒழுகியதைத் துண்டால் துடைத்தான். பஞ்சர் கடைக்குப் போகாமல் எத்தனையோ நாள் அவன் இதையெல்லாம் செய்துகொண்டிருந்தான், ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. பஸ் கிளம்பியதும், முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தபடியே கேட்டான்.

"அன்னிக்கி அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டேனே. எம்மேல தப்பா, துர்கா?"

ஆமாம் என்கிற சொல் அவளுக்குள் முழுசாக இருந்தது. அதன் மூன்று எழுத்தும் தெரிந்தது. உதட்டை மூடித் திறந்தால் போதும். மூடினாள், திறந்தாள்.

"இல்ல."

கோபால் அவளைத் திரும்பிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. எதற்கெடுத்தாலும் அதையேதான் சொல்லுவாள் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அதை எடுத்துக்கொண்டான். நெஞ்சிலிருந்து ஒரு நீளமான மூச்சு விட்டு, அவள் செத்த கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிப் போனான். துர்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.